ஆடத் தெரியாத டீச்சர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 22 வருடமாக ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். சினிமாப் பாட்டு வைப்பதில்லை. பறை, தண்ணீர்க்குடம், சிலசமயம் வெறும் கைத்தட்டல். முறையாக நடனம் படித்தவள் இல்லை. போன மாதம் நடனப்பள்ளி நடத்தும் ஒருவர், ஆடத் தெரியாதவர் எப்படிச் சொல்லித்தர முடியும் என்று மேடையிலேயே கேட்டுவிட்டார். எனக்குத் தகுதி இருக்கிறதா? எல்லா வருட வீடியோவும் இருக்கிறது. யூட்யூபில் ஏற்றலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யூட்யூப் விஷயத்தை வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் யாரிடமாவது கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மேடையில் பேசியவரை விடுங்கள். கையில் மைக் கிடைத்தால் சிலருக்கு அப்படித்தான்.

ஆனால் 22 வருடம் கழித்துத் தகுதி இருக்கிறதா என்று கேட்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. மார்கரெட் டோப்லர் என்றொரு அம்மாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1910ல் உயிரியலில் பட்டம் வாங்கி, அங்கேயே பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். மேற்படிப்புக்கு நியூயார்க் கிளம்பியபோது, கல்லூரிப் பெண்களுக்குத் தகுந்த ஒரு நடனத்தைத் தேடிக்கொண்டு வா என்று துறைத்தலைவி சொல்லி அனுப்பினார். கூடைப்பந்தை விட மனசில்லாமல்தான் போனார். 1917ல் திரும்பிவந்து வகுப்பு எடுத்தார். தான் ஆடிக்காட்டவே மாட்டார். பிள்ளைகளைத் தரையில் படுக்கவைப்பார், கண்ணைக் கட்டிவிடுவார், ஒரு எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து நிறுத்தி இடுப்பு மூட்டு எப்படித் திரும்புகிறது பார், இப்போது உன் இடுப்பில் தேடு என்பார். 1926ல் அந்தப் பல்கலைக்கழகம் நடனத்துக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. அமெரிக்காவில் அதுதான் முதல். 1954 வரை சொல்லிக்கொடுத்தார், மேடைக்கலைஞர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இன்னொன்று. 1934ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் கோடை நடனப்பள்ளியை மார்த்தா ஹில் தொடங்கினார், அவரும் உடற்கல்வி டீச்சராக இருந்தவர்தான். கிரஹாம், டோரிஸ் ஹம்ஃப்ரி போன்ற நவீன நடனக் கலைஞர்கள் எல்லாம் அங்கே வந்து கற்றுக்கொடுத்தார்கள். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போன்ற பி.டி. டீச்சர்கள். கற்றதோடு விடாமல், ஊருக்குப் போய்த் தங்கள் கல்லூரி உடற்பயிற்சிக்கூடத்தில் அதே கிரஹாமை அழைத்து ஆடவைத்தார்கள். நவீன நடனத்துக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்தது அந்த விசில் மாட்டிய டீச்சர்கள்தான். உரையில் இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

சரி, எனக்கு உண்மையில் உறுத்தியது உங்கள் வீடியோ. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வீடியோவில் இருப்பது அன்று மேடையில் நடந்தது மட்டும். முன்வரிசைப் பெண் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்துதான் இருக்கும். நாளைக்கு அதைப் பார்த்து ஆடும் பெண்ணும் அங்கே தடுமாறுவாள். நீங்கள் நினைத்தது என்ன, ஏன் அங்கே மூச்சு விடச் சொன்னீர்கள், அதெல்லாம் எங்கே?

நான் படித்த பள்ளியில் தையல் டீச்சர்தான் ஆண்டுவிழா நடனத்துக்கும். தையல் அறைத் தரையில் சாக்பீஸால் மேடை வரைந்து, பெண்ணுக்குப் புளியங்கொட்டை, பையனுக்கு வேப்பங்கொட்டை என்று வைத்து நகர்த்துவார். கொட்டைகளை எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்கு நோட்டில் வரைந்து பக்கத்தில் குறிப்பு எழுதுவார். 'ஆறாம் தட்டில் எல்லாரும் நிற்க, கடைசிப் பெண் மட்டும் திரும்பிப் பார்க்க.' இந்த ஒரு வரிதான் எனக்கு இன்று ஞாபகம் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்ற பிறகு போய்க் கேட்டேன். அறையைக் காலி செய்தபோது பழைய பேப்பருக்குப் போட்டாச்சு என்றார்கள்.

அப்புறம் ரொம்ப நாள் கழித்து ருடால்ஃப் லாபன் என்ற நடனக்காரர் 1928ல் வெளியிட்ட, நடனத்தைத் தாளில் எழுதிவைக்கும் குறிப்பு முறையைப் பார்த்தபோது டீச்சர் ஞாபகம்தான் வந்தது. செங்குத்தாகக் கோடுகள், கீழிருந்து மேலே படிக்கவேண்டும். நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் வலது உடம்பு, இடப்பக்கம் இடது. கட்டத்தின் வடிவம் திசையைச் சொல்லும், நீளம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். முழுக்கக் கறுப்பு என்றால் அசைவு தாழ, உள்ளே புள்ளி என்றால் நடு, சாய்கோடுகள் என்றால் உயர. 1940ல் நியூயார்க்கில் நான்கு பெண்கள் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். ஹான்யா ஹோம் என்ற நடனக் கலைஞர் அமைத்த நடனம் 1952ல் இந்தக் குறிப்பாகத்தான் பதிப்புரிமை பெற்றது. எழுதிய தாள் இருந்ததால் அது ஹோமின் சொத்து.

நீங்கள் லாபன் முறை படிக்கவேண்டியதில்லை. புளியங்கொட்டை போதும். ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள், பழைய பேப்பர்காரர் கையில் சிக்காத இடத்தில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தண்ணீர்க்குடம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி நகர்ந்துவிட்டீர்கள். நிறைகுடமா, வெறுங்குடமா? எத்தனை பிள்ளைகள், முதலில் யார் கீழே இறக்கினாள், அந்த நேரம் மற்றவர்கள் எந்தப் பக்கம் பார்த்தார்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.