லிங்கன் யாரை நம்பிப் பேசினார்?

அன்புள்ள ஐயா,

லிங்கனின் அடிமை எதிர்ப்பு பற்றி ஒரு பேராசிரியர் ஆற்றிய பொது உரையை யூடியூபில் கேட்டேன். அமெரிக்காவின் 1776 சுதந்திரப் பிரகடனத்தின் லட்சியம்தான் லிங்கனுக்கு அடித்தளம் என்றார். எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பிரகடனத்தில் ‘எல்லா மனிதரும் சமம்’ என்று எழுதிய ஜெஃபர்சன், வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். லிங்கனும் ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் அமெரிக்க ஒன்றியத்தை உடையாமல் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று எழுதியவர். இதில் லட்சியம் எங்கே?

க., திருச்சி

அன்புள்ள க.,

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் கடிதம் 1862 ஆகஸ்ட் 22-இல் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதியது. அடிமைகளை விடுவிக்கும் ‘விடுதலைப் பிரகடனத்தின்’ வரைவை அதற்கு ஒரு மாதம் முன்பே லிங்கன் அமைச்சரவையில் வாசித்துவிட்டார். அப்போது நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில் ஒரு வெற்றி கிடைத்த பிறகு வெளியிடலாம் என்று காத்திருந்தார். ஊரைத் தயார்ப்படுத்த எழுதிய கடிதம் அது. அரசியல்வாதிதானே!

ஜெஃபர்சன் விஷயம்தான் முக்கியம். நீங்கள் சொல்வதை 1857-இல் ஒருவர் தீர்ப்பாகவே எழுதினார்: டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி. சுதந்திரப் பிரகடனம் எழுதியவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள், ஆகவே ‘எல்லா மனிதரும்’ என்பதில் கறுப்பர்கள் சேர்த்தியில்லை என்பது அவர் வாதம். நீங்கள் ஜெஃபர்சனைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்கிறீர்கள், டானி அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். வாதம் என்னவோ ஒன்றுதான்.

அந்த ஜூன் மாதமே ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் பதில் சொன்னார். எல்லோரும் ஏற்கெனவே சமமாகிவிட்டார்கள் என்று பிரகடனம் எழுதியவர்கள் சொல்லவில்லை, உரிமையை அறிவித்து வைத்தார்கள், நிலைமை இடம் கொடுக்கும்போது நடைமுறை பின்னால் வரட்டும் என்று விட்டார்கள் என்றார். பிரிட்டனிடமிருந்து பிரிவதற்கு அந்த வரி தேவையே இல்லை, பிற்காலத்துக்காகவே அது வைக்கப்பட்டது என்றும் சொன்னார். எழுதியவனின் நடத்தையை வைத்து வரியைத் தள்ளாமல், வரியை வைத்து நடத்தையைக் கேள்வி கேட்கும் வழி இது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஆனால் லிங்கன் காட்டும் முன்னோர்கள், அதாவது நாட்டை நிறுவியவர்கள், கொஞ்சம் அதிகமாகவே சுத்தமானவர்கள். வடமேற்குப் பகுதியில் அடிமைமுறையைத் தடுத்த 1787 சட்டத்தை அவர் திரும்பத் திரும்பக் காட்டுவார். அதே ஆண்டு எழுதிய அரசியலமைப்பு, தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திருப்பித் தரச் சொன்னது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்து, அடிமைமுறை வேரூன்றிய தென் மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்களும் தந்தது. அப்புறம் 1858 செப்டம்பர், இல்லினாய்ஸ் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் ஊரில் நடந்த தேர்தல் விவாதம்: கறுப்பர்களுக்கு வாக்குரிமை தருவதையும் அவர்களை ஜூரிகளாக்குவதையும் தான் ஆதரிக்கவில்லை என்று கூட்டத்தின் முன் லிங்கனே சொன்னார். உழைத்துச் சம்பாதித்ததை உண்ணும் உரிமையில் சமம், அதற்கு மேல் அந்தக் காலத்தில் அவர் போகவில்லை.

நீங்கள் கேட்ட உரையில் சார்ல்ஸ்டன் வந்ததா? வரவில்லையென்றால், உங்கள் கோபத்தை அந்தப் பேராசிரியரிடம் காட்டலாம்.