பி.பி. நார்மல் என்றார்களே, டாக்டர்?

வாசகர் கேள்விகளுக்கு அவசர சிகிச்சை மருத்துவர்கள் பதில்

கேள்வி: பைக் விபத்தில் அடிபட்ட என் தம்பியை 108-ல் சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். காலில் எலும்பு வெளியே தெரிந்தது. அதை விட்டுவிட்டு, சட்டை பேண்ட்டை வெட்டி எடுத்து, நெஞ்சையும் வயிற்றையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன்? – வாசகி, பெரம்பூர்

பதில்: வெளியே தெரியும் எலும்பைப் பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் அந்தக் காயத்திலிருந்து ரத்தம் பீறிடவில்லை என்றால், ஈரக் காஸ் துணி வைத்து மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்துக்கூடப் பார்க்கலாம். முதலில் பீறிடும் ரத்தத்தை அடக்க வேண்டும். பிறகு மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையில் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் உயிர் போகும்.

ஒருவர் தலைமாட்டில் நின்று கழுத்து அசையாமல் பிடித்தபடியே பெயரைக் கேட்பார். தெளிவாகப் பதில் வந்தால் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். நினைவு மதிப்பெண் 15-க்கு 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தொண்டையில் குழாய் வைப்போம். நெஞ்சின் ஒரு பக்கம் சரியாக ஏறி இறங்காமல், அங்கே மூச்சுச் சத்தமும் கேட்காமல், பி.பி.யும் சரிந்தால், நுரையீரலை வெளியிலிருந்து காற்று அழுத்துகிறது என்று பொருள். அந்த நிலையில் எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவே கூடாது. அக்குளுக்குக் கீழே, ஐந்தாவது விலா இடைவெளியில் அங்கேயே துளையிட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு குழாய் வைக்க வேண்டும்.

வயிற்றில் வைத்துப் பார்த்தது அல்ட்ராசவுண்ட். இதயத்தைச் சுற்றி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், சிறுநீர்ப்பையை ஒட்டி என்று நான்கு இடங்களில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வயிற்றில் ரத்தம் இருந்து பி.பி.யும் நிற்கவில்லை என்றால், சி.டி. ஸ்கேனுக்குப் போகாமல் நேராக ஆபரேஷன் தியேட்டர்தான்.

உடையைக் கழற்றினால் முதுகெலும்பு அசையும், அதனால்தான் வெட்டுகிறோம். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பு முறுக்காமல் மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே பக்கமாகத் திருப்பி முதுகைப் பார்ப்போம். கண்ணில் படாமல் தப்பும் காயங்கள் பெரும்பாலும் முதுகிலும் அக்குளிலும்தான் இருக்கும். பார்த்து முடித்ததும் போர்வை போர்த்த வேண்டும். ரத்தம் இழந்தவர் ஏ.சி. அறையில் வெற்றுடம்போடு கிடந்தால் சென்னை வெயில் காலத்திலும் குளிர்ந்துவிடுவார். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

கேள்வி: "பி.பி. 110 இருக்கிறது, பயமில்லை" என்றார்கள். அரை மணி நேரத்தில் சீரியஸ் என்றார்கள். எதை நம்புவது? – வாசகர், தாம்பரம்

பதில்: பி.பி.யை மட்டும் நம்பக் கூடாது. பெரியவர் ஒருவரின் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். இளைஞர் என்றால் ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். அதன் பிறகு மளமளவென்று சரியும். அதற்கு முன்பே நாடி 100-ஐத் தாண்டும், கை சில்லிட்டு வியர்க்கும், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகும். "என்னை விடு, தண்ணி கொடு" என்று முரண்டு பிடிப்பவரைக் குடித்திருக்கிறார் என்று ஓரமாகப் படுக்கவைப்பது மிகக் கொடிய தவறு. மூளைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

தொடை எலும்பு முறிந்தால் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாமல் ஒன்றரை லிட்டர் வரை தொடைக்குள்ளேயே தேங்கலாம். இடுப்பெலும்பு உடைந்தால் அதைவிடவும் அதிகம். அதற்குத் தனி பெல்ட் உண்டு. இல்லாவிட்டால் மடித்த பெட்ஷீட் போதும். ஆனால் பேண்ட் பெல்ட் போடும் இடத்தில் கட்டினால் பயனில்லை. தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் மட்டத்தில் கட்டினால்தான் உடைந்த வளையம் ஒன்றுசேரும்.

சொந்தக்காரர்கள் பலர் "குளுக்கோஸ் ஏன் ஏற்றவில்லை?" என்று சண்டைக்கு வருகிறார்கள். சலைன் ஒரு லிட்டருக்கு மேல் ஏறினால் ரத்தம் நீர்த்து, உறைந்த இடமும் திறந்துகொள்ளும். தேவைப்படுவது ரத்தம்: சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றும் கிட்டத்தட்ட சம அளவில். பையில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைக் குறைக்கும் என்பதால் கால்சியம் ஊசியும் வேண்டும். ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராமை 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு, இந்த மருந்து உயிர்களைக் காப்பதைக் காட்டியது. 3 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் கெடுதல் செய்யலாம் என்பதும் அதன் தரவில் தெரிந்தது. விபத்து நடந்த நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

கேள்வி: பட்டறையில் பிரஸ் மெஷினில் விரல் துண்டானால்? ரத்தம் நிற்கக் கயிறு கட்டலாமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: விரலுக்குக் கயிறு வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், விடாமல் அழுத்துங்கள். துண்டான விரலைச் சலைனில் நனைத்த காஸில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக மூடி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும், திரும்ப ஒட்ட முடியாது.

கை, காலில் பீறிடும் ரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டுமே கட்டு. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் கட்டி, குச்சி செருகி முறுக்குங்கள். அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் திரும்பும் குழாய் மட்டும் அடைபட்டு, கசிவு கூடும். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கொண்டுபோய்ச் சேர்த்தால் போலீஸ், பணம் என்று நம்மைப் பிடித்துக்கொள்வார்களா? – வாசகி, வியாசர்பாடி

பதில்: மாட்டார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவி செய்பவரைக் காக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. சொந்தக்காரர்கள், மருத்துவமனையில் எழுதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் விபத்து நடந்த நேரமும் இடமும் சரியாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். பின்னால் இன்சூரன்ஸ் வழக்கில் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் முதலில் கேட்பார்கள்.