சூடானதும் ஆயில் விளக்கு மினுக்கினால் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: என் ஏடிவிக்கு (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) 10டபிள்யூ-40 ஆயில் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் விளக்கு லேசாக மினுக்குகிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். கார் ஆயில் ஊற்றலாமா? ஆயில் பிரஷரை நாமே பார்க்க முடியுமா?

பதில்:

20டபிள்யூ-50 ஊற்றினால் விளக்கு அணைந்துவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிக்கலே அதில்தான். பம்ப் தள்ளிவிடும் ஆயில் குறுகலான இடைவெளிகளில் புகுந்து போகும்போது எழுகிற எதிர்ப்பைத்தான் ஆயில் பிரஷர் என்கிறோம். ஆயில் கெட்டியானால் எதிர்ப்பு கூடும், பிரஷரும் ஏறும். ஆனால் பேரிங் தேய்ந்திருந்தாலோ, பம்ப் தேய்ந்திருந்தாலோ, அடியில் ஆயிலை வடிகட்டும் வலை அடைத்திருந்தாலோ அது அப்படியேதான் இருக்கும். புகார் சொன்ன விளக்கின் வாயை மட்டும் அடைத்திருப்பீர்கள்.

முதலில் அது பிரஷர் விளக்குதானா என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். ஏடிவிகளில் பலவற்றுக்குப் பிரஷர் விளக்கே கிடையாது. ஆயில் சூடு அதிகமானால் எரியும் விளக்கைத்தான் வைத்திருப்பார்கள். ஓட்டம் மெதுவாகி, காற்றும் படாமல், ரேடியேட்டரில் சேறு அப்பிக்கிடந்தால் எரிவது அதுதான். உங்களுடையது அந்த வகை என்றால் சேற்றைக் கழுவுவதுதான் வைத்தியம்.

பிரஷர் விளக்கே என்றால், ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சில எஞ்சின்களில் டிப்ஸ்டிக்கை மரை ஏற்றாமல் வெறுமனே வைத்து எடுக்க வேண்டும், சிலவற்றில் முழுக்கத் திருகி எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு தப்பாகக் காட்டும். தனி ஆயில் டேங்க் வைத்த டிரை சம்ப் எஞ்சின் என்றால், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். டேங்கில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றிவிடுவார்கள்.

அளவு குறைந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள், கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. என்னிடம் வந்த ஒருவர், தன் வண்டி ஆயிலே குடிப்பதில்லை என்று பெருமையாகச் சொன்னார். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. கார்புரேட்டரில் மிதவை ஊசி சரியாக மூடாமல், பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலந்துகொண்டிருந்தது. ஆயில் நீர்த்துப் போனால் சூட்டில் பிரஷர் இறங்கத்தானே செய்யும்? பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறக்கிய வண்டிகளில் இது சகஜம். இரண்டிலும் எந்த பிராண்ட் ஊற்றுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. காரணத்தைச் சரிசெய்துவிட்டு ஆயிலை மாற்ற வேண்டும்.

சரி, எந்த ஆயில்? 10டபிள்யூ என்பது குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கான குறி. அந்தக் கிரேடுக்கான ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது. பின்னால் வரும் 40, எஞ்சின் சூடான நிலையில், அதாவது 100 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். ஹோண்டா பல ஏடிவிகளுக்கு 10டபிள்யூ-30 சொல்கிறது, போலாரிஸ் பல மாடல்களுக்கு 5டபிள்யூ-50. பம்பின் அளவும் பேரிங் இடைவெளியும் அதற்கேற்ப வைத்தவை. புத்தகத்தில் வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடுகளை ஒரு பட்டையாக வரைந்திருப்பார்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு அந்தப் பட்டையிலேயே 50 இருந்தால் தாராளமாக ஊற்றலாம். அது வேறு, விளக்கை அணைக்க ஊற்றுவது வேறு.

எண்ணைவிட முக்கியம் கேனின் பின்பக்கம். பல ஏடிவிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே பிடிக்க வேண்டும். கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். கேனில் அச்சிட்டிருக்கும் ஏபிஐ (அமெரிக்கத் தரக்குறி) வட்டத்தின் அடியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று எழுதியிருந்தால் அந்த ஜாதி. அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கி, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராமல் போகலாம். நீங்கள் தேட வேண்டியது ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியில் எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்று இருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஆகாது. சில டீசல் ஆயில் கேன்களிலும் எம்ஏ அச்சிட்டிருக்கும். கிரேடும் பொருந்தினால் அதில் தவறில்லை.

"என் வண்டி சிவிடி (கியர் மாற்றாமல் பெல்ட்டில் ஓடும் வகை), பெல்ட்தானே, கார் ஆயில் போதும்" என்று சொல்லலாம். அவசரப்படாதீர்கள். பெல்ட் வண்டிகளிலும் சிலவற்றில் எஞ்சின் ஆயிலில் மூழ்கிய சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (எஞ்சின் வேகம் ஏறினால் தானாகப் பிடிப்பது) உண்டு. இதற்கு நேர்மாறாக, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் போன்ற வண்டியில் எஞ்சின் ஆயில் தனி, கியர் ஆயில் தனி. சிந்தெடிக் போட்டால் கிளட்ச் வழுக்கும் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வழுக்க வைப்பது அந்த உராய்வுக் குறைப்பு மருந்து, சிந்தெடிக் இல்லை.

கியரும் அதே ஆயிலில் இருந்தால் இன்னொன்று நடக்கும். சூட்டிலும் ஆயில் கெட்டியாக இருக்கச் சேர்த்த பாலிமரைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். 40 என்று ஊற்றியது நாளாக நாளாக 30 பக்கம் இறங்கிவிடும். அதனால் உங்கள் நிலையில் நான் முதலில் செய்வது, சரியான 10டபிள்யூ-40-ம் புது ஃபில்டரும் போட்டுவிட்டு மறுபடி சூடாக்கிப் பார்ப்பது.

அப்போதும் மினுக்கினால் பிரஷரை அளக்க வேண்டும். யமஹா போன்ற சில எஞ்சின்களில் மேல்பகுதியில் ஒரு ஆயில் செக் போல்ட் இருக்கும். அதை லேசாகத் தளர்த்தி எஞ்சினை ஐட்லிங்கில் விட்டால் மரையோரம் ஆயில் கசிந்து வரும். ஒரு நிமிடத்துக்குள் வராவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இது ஆயில் மேலே ஏறுகிறதா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்று தெரிய பிரஷரை முள்ளில் காட்டும் கேஜ் வேண்டும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் மாட்டலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானிய எஞ்சின்களில் அந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவு) மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் கிடைக்கும் கேஜ்களில் நிறைய என்பிடி (அமெரிக்க அளவு), 27 சுற்று. முதல் ஓரிரு சுற்று சுகமாக ஏறிவிட்டு அப்புறம் இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் அலுமினிய கேஸ் பிளந்துவிடும். கையால் எளிதாக ஏறாவிட்டால் சரியான அடாப்டர் வாங்குங்கள்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, புத்தகத்தில் சொன்ன ஆயில் வெப்பநிலையில், சொன்ன ஆர்பிஎம்மில் முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு எதற்கும் ஆகாது. கார் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. கிராங்கில் உருளைகள் கொண்ட ரோலர் பேரிங் வைத்த எஞ்சின்களுக்கு, வழவழப்பான ஓடு போன்ற ஷெல் பேரிங் வைத்தவற்றைவிட மிகக் குறைந்த பிரஷரே போதும். அலகுக் குழப்பம் வந்தால், 100 கிலோபாஸ்கல் என்பது 1 பார், ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ.

கேஜ் சரியான அளவைக் காட்டியும் விளக்கு மினுக்கினால் கோளாறு சுவிட்சிலோ வயரிலோதான். முள் நடுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். ஆர்பிஎம் ஏற்றியும் முள் ஏற மறுத்தால் கூடுதல் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது வலை அடைத்திருக்கலாம். சூடான ஐட்லிங்கில் மட்டும் குறைவு, ஆர்பிஎம் ஏறினால் சரி என்றால் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. எல்லா ஆர்பிஎம்மிலும் குறைவு என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். வலையைக் கழற்றி, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கருப்புப் பசையோ கேஸ்கெட் துணுக்கோ என்றால் சுத்தம் செய்து மறுபடி அளக்கலாம். மினுமினுக்கும் உலோகச் சீவல் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.