வாசகர் கேள்வி – பதில்: பெண் குழந்தைக்கு அறை தயார், வரப்போவது நாலு வயது மகன்

கேள்வி: என்னுடைய தங்கச்சியும் கணவரும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். பிள்ளை இல்லை. இங்கே வந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க அங்கே வீட்டு விசாரணை, பயிற்சி எல்லாம் முடித்து, கொழும்பிலிருந்தும் பதில் வந்துவிட்டது. அவர்கள் நினைத்திருந்தது கைக்குழந்தை, அதுவும் பெண். அறைக்கு ரோஸ் நிறம் அடித்து, எண் சாத்திரம் பார்த்துப் பெயரும் எடுத்தாயிற்று. இப்போது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் சொல்லியிருப்பது நாலு வயதாகப் போகிற ஒரு ஆண் பிள்ளையை. இருவருக்கும் மூன்று கிழமைதான் லீவு. மாப்பிள்ளையின் அம்மா "என்ன குடியெண்டே (குலப் பிரிவெண்டே) தெரியாத புள்ள" என்று முகம் சுளிக்கிறா. இதற்குள் ஊரில் ஒருவர், "எதுக்கு இந்த அலைச்சல், எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு அடுத்த மாசம் பிரசவம், ஆஸ்பத்திரியிலேயே உங்கட பேரைப் போட்டு எடுக்கலாம்" என்கிறார். என்ன செய்ய? – ஓர் அக்கா, களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் முதல் பதில். அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள், தேத்தண்ணிகூட வேண்டாம். பெறாத பிள்ளையைப் பெற்றதாகப் பதிவது குற்றம். அதோடு இலங்கையும் கனடாவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்துகிற ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருக்கிற நாடுகள்; இங்கே 1995 முதல், அங்கே 1997 முதல் நடைமுறை. பெற்ற தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகுதான் செல்லும், அதுவும் காசு கை மாறாமல். உறவுக்குள் நடக்கிற தத்தெடுப்பு தவிர மற்றதில், அந்தச் சம்மதமெல்லாம் முறையாக முடிகிற வரைக்கும் எடுக்கிறவர்களும் பெற்றவளும் பேசிக்கொள்ளவே கூடாது. குறுக்கு வழியில் போனால் பிள்ளை இங்கே, இவர்கள் அங்கே என்று வருடக்கணக்கில் இழுபடும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிஸ் என்று போனார்கள். சில வழக்குகளில் நீதிமன்றத்தில் தாய் என்று வந்து நின்றவள் தாயே இல்லை, கூலிக்கு வந்தவள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தது. 2021இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தக் குழந்தைகள் இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர். கையில் இருக்கிற பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் பொய் என்று தெரிந்து, மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு தாயைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். திணைக்களம் இழுத்தடிக்கிறது என்று உங்கள் தங்கச்சி சலித்துக்கொள்கிற ஒவ்வொரு கடதாசியும் இதற்காகத்தான் கேட்கப்படுகிறது.

சரி, ஏன் கைக்குழந்தை கிடைக்கவில்லை? பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டுக்குள்ளேயே குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது உடன்படிக்கையின் அடிப்படை. இங்கேயே கைக்குழந்தைக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிற போது வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சற்று வளர்ந்த பிள்ளை வருவதில் ஆச்சரியம் இல்லை. ஏற்க முடியாது என்றால் தங்கச்சி அதைச் சொல்லலாம், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போதே சொல்லட்டும். பிள்ளையைப் பார்த்து, மடியில் இருத்தி, டொபி கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டு ஊருக்குப் போய் யோசிக்கிறோம் என்பதை மட்டும் செய்ய வேண்டாம். நாலு வயதுக்கு அது நல்லாகவே விளங்கும்.

ஓம் என்று முடிவெடுத்தால், விளையாட்டுச் சாமான் வாங்க ஓடுவதற்கு முன் பிள்ளை இருக்கிற சிறுவர் இல்லத்து மேட்ரனிடம் போய் இருந்து கேட்கச் சொல்லுங்கள். சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவானா, இரவில் லைட் எரிய வேண்டுமா, யாருடைய பக்கத்துப் பாயில் படுப்பான், அழுதால் யாரிடம் ஓடுவான். அவன் போர்த்துகிற பெட்ஷீற்றைத் தருவார்கள் என்றால் வாங்கிக்கொள்ளட்டும், தோய்க்க வேண்டாம், அந்த மணம் அவனுக்கு வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு தலையணைக்குக் கீழே பாதிப் பணிஸ் கிடக்கலாம். வரிசையில் நின்று சாப்பிட்ட பிள்ளை நாளைக்கும் சாப்பாடு வருமா என்று எடுத்து வைக்கிறான். ஏசாமல், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தால் போதும். பெயரையும் உடனே மாற்ற வேண்டாம். அவனிடம் சொந்தமாக இருப்பது அது ஒன்றுதான். எண் சாத்திரப் பெயரைப் பின்னால் சேர்க்கலாம்.

மூன்று கிழமைக் கணக்கை மறந்துவிடுங்கள். நீதிமன்றக் கட்டளை, மகவேற்பு (தத்தெடுப்பு) சான்றிதழ், கடவுச்சீட்டு, அதன் பிறகு கனடா அலுவல் என்று ஒன்று முடிந்துதான் அடுத்தது. திரும்புகிற திகதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுக்கட்டும். கனடாவின் வேலைக் காப்புறுதியில் தத்தெடுத்தவர்களுக்கும் பெற்றோர் கொடுப்பனவு உண்டு, வழமையான திட்டத்தில் ஒருவருக்கு 35 கிழமை வரை. தகுதி இருக்கிறதா என்று வெளிக்கிட முன்னமே விசாரிக்கட்டும். நாள் இழுபட்டால் களுவாஞ்சிகுடியில் உங்கள் வீடு இருக்கிறதுதானே? அவனுக்கும் விமானம் ஏறுவதற்கு முன் இவர்களோடு பழக ஓர் இடம்.

இனி மாமி. மட்டக்களப்பில் குடி தாய்வழி என்று கோயில் திருவிழா முறையிலிருந்து கல்யாணப் பேச்சு வரை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள். அப்படியென்றால் அவனுக்குத் தாய் யார் என்று மாமியிடமே கேளுங்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர்மார் என்ன சொல்வார்கள் என்று கேட்டால், ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போகப் போகிறவனுக்கு அந்தக் கவலை இப்போது எதற்கு? இருபது வயதில் அவனே வந்து சண்டை பிடிக்கட்டும்.

கேள்வி: வெளிநாடெல்லாம் இல்லை, நாங்கள் இங்கேதான். பிள்ளை எடுக்க யாரிடம் போவது? – கணவன் மனைவி, திருக்கோவில்

பதில்: பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அங்கிருந்து தொடங்குங்கள், அவர் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் வழிகாட்டுவார். 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டப்படி பொதுவாக உங்களுக்கு 25 வயது முடிந்திருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும். முடிவான கட்டளை நீதிமன்றத்தில்தான். தரகர் யாராவது தேடி வந்தால், மேலே களுவாஞ்சிகுடி அக்காவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.