பாஸ்டன் 2004: திருடிய பேஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். உங்கள் தளத்தைப் படித்துத்தான் பேஸ்பால் பக்கம் வந்தேன். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2004 போஸ்ட்சீசன் (லீக் சுற்றுக்குப் பிந்தைய தொடர்கள்) ஆட்டங்களின் பதிவுகளைச் சென்ற வாரம் வரிசையாகப் பார்த்து முடித்தேன். நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்றுவிட்டு அடுத்த நான்கையும் வென்றிருக்கிறார்கள். பிறகு உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றையும் வென்று 86 ஆண்டுகளுக்குப் பின் சாம்பியன் ஆனார்கள். பேப் ரூத் என்ற பெரிய வீரரை விற்றதால் வந்த சாபம் அத்தோடு நீங்கியது என்கிறார்கள். இது அதிர்ஷ்டம் தவிர வேறென்ன?

இன்னொன்றும் புரியவில்லை. டேவ் ராபர்ட்ஸ் என்பவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் அந்தத் தொடரில் மட்டையையே தொடவில்லை. ஒரு பேஸைத் திருடினார், அவ்வளவுதானே? லீக் சுற்றில் யாங்கீஸுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் முடித்த அணி சாம்பியன் ஆவது முறைதானா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

ராபர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறேன். பேஸைத் திருடுவது என்றால், பேட்டர் அடிக்கும்வரை காத்திராமல், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது. மூன்று பேஸ்களையும் கடந்து பேட்டர் நிற்கும் ஹோமுக்கு வந்தால் ஒரு ரன்.

2004 அக்டோபர் 17 இரவு, பாஸ்டனின் ஃபென்வே பார்க் அரங்கு. நான்காவது ஆட்டம், வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 4, பாஸ்டன் 3. இந்த இன்னிங்ஸில் மூன்று அவுட் விழுந்தால் தொடர் 4-0 என்று முடிந்துவிடும். வீச நின்றவர் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. பின்னாளில் வாக்களித்த ஒருவர்கூட விடாமல் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்த முதல் வீரர் அவர். பாஸ்டனின் கெவின் மில்லார் வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கி முதல் பேஸுக்குப் போனார். மில்லாரின் கால் மெதுவானது. மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா அவரை வெளியே எடுத்து, ராபர்ட்ஸை ஓட அனுப்பினார். பேஸ்பாலில் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஆட்டம் நீண்டால் மில்லாரின் மட்டை இல்லாமல் சமாளிக்க வேண்டும். அதற்கும் துணிந்துதான் அனுப்பினார்.

முதல் பேஸில் நிற்பவர் ஹோமுக்கு வர பெரும்பாலும் இரண்டு சிங்கிள்கள் (அடித்தவர் முதல் பேஸ்வரை போகும் அடி) வேண்டும், அல்லது ஒரு நீண்ட அடி. இரண்டாம் பேஸில் நின்றால் ஒரு சிங்கிள் போதும். ரிவேராவிடம் ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஹிட் எடுப்பது மிகக் கடினம் என்பதால், அந்த ஒரு பேஸின் விலை ஏறக்குறைய ஒரு ஹிட்.

இனி நொடிக் கணக்கு. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 90 அடி. ஓடுபவர் பத்துப் பன்னிரண்டு அடி முன்னேறி நிற்பார், ஆக ஓட வேண்டியது 80 அடிக்குச் சற்றுக் குறைவு. வேகமானவருக்கு இதற்கு 3.3 முதல் 3.5 நொடி ஆகும். எதிர்ப்பக்கத்தில், பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரின் கையுறைக்குள் விழ 1.3 நொடி. கேட்சர் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அது 127 அடி கடந்து போய்ச் சேர இன்னொரு 2 நொடி. கூட்டினால் 3.3. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் என்பதால், யார் பத்தில் ஒரு நொடியைத் தவறவிடுகிறாரோ அவர் தோற்பார். பிட்சர் காலை உயரத் தூக்கினால் போயிற்று. கேட்சரின் வீச்சு ஓரடி மேலே போனால், பந்தைக் கீழே கொண்டுவந்து தொடுவதற்குள் ஓடியவரின் கை பேஸில் இருக்கும். ஓடுபவரின் பக்கமும் தவறு நேரும்: பிட்சர் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தால் கால் இறுகிப் புறப்பாடு தாமதமாகும்.

ஓடுபவரைப் பேஸை ஒட்டியே நிறுத்த, ரிவேரா முதல் பேஸுக்கு மூன்று முறை பந்தை எறிந்தார். பல நாட்களாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராபர்ட்ஸுக்கு அந்த மூன்று எறிதல்களும் நன்மையாகவே முடிந்தன. ஒவ்வொரு முறையும் பாய்ந்து திரும்பியதில் உடம்பு சூடேறியது, ரிவேராவின் அசைவும் பிடிபட்டது. பிறகு பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் ஹோர்கே போசாடாவின் வீச்சில் குறை சொல்ல இடமில்லை. டெரெக் ஜீட்டர் பிடித்துத் தொடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டது. அடுத்து பில் மியூலர் நடுவழியே ஒரு சிங்கிள் அடித்தார். 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டீஸின் ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தபோது நள்ளிரவு தாண்டி 1.22.

அந்தப் பருவத்தில் ராபர்ட்ஸ் 41 முறை திருட முயன்று 38 முறை வென்றவர். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் ஓடப்போகிறார் என்று தெரியும். பந்தை எறிந்தவர்களும் தவறு செய்யவில்லை. அப்படியும் போய்ச் சேர்ந்தார் என்பதால்தான் இன்றும் பேசுகிறார்கள்.

இன்றைய விதியில் அந்தக் காட்சி வேறு மாதிரி நடந்திருக்கும். 2023 முதல் ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் இப்படி எறிந்தோ விலகியோ நிற்கலாம். மூன்றாவது முறை எறிந்தால் ஓடுபவர் அவுட் ஆகியே தீர வேண்டும், இல்லையென்றால் பால்க் என்ற விதிமீறல், ஓடுபவருக்கு அடுத்த பேஸ் இலவசம். ரிவேராவின் மூன்றாவது எறிதலிலேயே ராபர்ட்ஸ் நடந்தே இரண்டாம் பேஸுக்குப் போயிருப்பார். பேஸின் அகலமும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகிவிட்டது, முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையிலான தூரம் நாலரை அங்குலம் குறைந்தது. இப்போது திருடுவது எளிது. 2004இல் அது எவ்வளவு கடினம் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் தொடரைத் திருப்பிய முடிவு அதற்கு முந்தின இரவிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பது என் உறுதியான கருத்து. அதுவும் பாஸ்டன் 19-8 என்று நொறுங்கிய மூன்றாவது ஆட்டத்தில். பெரும்பாலானவர்கள் வேகமாக ஓட்டிவிடும் ஆட்டம் அது. நீங்களும் ஓட்டியிருப்பீர்கள்.

பேஸ்பால் தொடரை வெல்வதும் தோற்பதும் பிட்சர்களின் தோளில் இருக்கிறது. தொடக்க பிட்சருக்கு ஒரு ஆட்டம் வீசினால் நான்கு நாள் ஓய்வு தேவை. பின்பாதியில் வரும் புல்பென் பிட்சர்கள் தினமும் வரலாம், ஆனால் குறைந்த பந்துகள்தான். ஓய்வில்லாமல் வீசினால் முதலில் வேகம் குறையும், அடுத்து குறி தப்பும், பந்து ஹோம் பிளேட்டின் நடுவே மிதந்து வரும். அதைத்தான் பேட்டர்கள் அரங்குக்கு வெளியே அடிப்பார்கள். அந்தத் தொடரில் மழையும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 15 ஆட்டம் 16க்குத் தள்ளிப்போனதில் இடையிலிருந்த ஓய்வு நாள் காணாமல் போயிற்று. மூன்றிலிருந்து ஏழுவரை ஐந்து ஆட்டங்கள், ஐந்து நாட்கள் தொடர்ந்து.

மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனின் தொடக்க பிட்சர் பிரான்சன் அரோயோ மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. மீதி ஆறு, ஏழு இன்னிங்ஸை யார் வீசுவது? புல்பென்னை இங்கேயே கரைத்தால் மறுநாள் ஆள் இல்லை. அப்போது மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய டிம் வேக்ஃபீல்ட், தன் முறையை விட்டுக்கொடுத்து உள்ளே வந்தார். 3⅓ இன்னிங்ஸ் வீசி ஐந்து ரன் கொடுத்தார். புள்ளிவிவரத்தில் அவலமாகத் தெரியும் எண் அது. ஆனால் அவர் தின்ற அந்தப் பத்து அவுட்களால்தான் புல்பென் பிட்சர் கீத் ஃபூக்கின் கை அன்று ஓய்வில் இருந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களில் ஃபூக் வீசிய பந்துகள் 50, 22, 28. மூன்று நாளில் நூறு பந்து, ஐந்து இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. வேக்ஃபீல்ட் விட்ட இடத்தில் தொடங்கியவர் டெரெக் லோ. போஸ்ட்சீசன் தொடக்க வரிசையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த பிட்சர். நான்காவது ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தார். இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்திலும் வந்து, 69 பந்துகளில் ஆறு இன்னிங்ஸ், ஒரே ஹிட். பாஸ்டன் 10-3.

ஐந்தாவது ஆட்டம் 14 இன்னிங்ஸ், ஐந்து மணி 49 நிமிடம். கடைசி மூன்று இன்னிங்ஸை வீசியவர் மறுபடியும் வேக்ஃபீல்ட். அவர் வீசுவது நக்கிள்பால். விரல் நுனியில் பிடித்து, சுழலவிடாமல் தள்ளிவிடும் மெதுவான பந்து. சுழற்சி இல்லாததால் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று வீசியவருக்கே தெரியாது. அதைப் பிடிக்க தனி கேட்சர் டக் மிராபெல்லி உண்டு, அன்று அவர் களத்தில் இல்லை. பழக்கமில்லாத ஜேசன் வாரிடெக் 13ஆவது இன்னிங்ஸில் மூன்று பந்துகளைத் தவறவிட்டார். யாங்கீஸ் ஆட்கள் இரண்டாம், மூன்றாம் பேஸ்வரை வந்துவிட்டார்கள். இன்னொரு பந்து நழுவினால் தோல்வி. ரூபன் சியேரா ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அடுத்த இன்னிங்ஸில் ஓர்டீஸின் சிங்கிளில் ஜானி டேமன் ஹோமுக்கு வந்தார்.

ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் பிட்சர் கர்ட் ஷில்லிங் காலுறையில் ரத்தம் கசிய வீசிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் காரணத்தை மட்டும் சொல்கிறேன். வலக்கைப் பிட்சர் வலது காலை ஊன்றி உந்தித்தான் வீச வேண்டும். அவருக்கு அந்தக் கணுக்காலில் தசைநாணைப் பிடித்திருக்கும் உறை கிழிந்து, நாண் எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தது அதனால்தான். மருத்துவர் வில்லியம் மோர்கன் தோலை உள்திசுவோடு சேர்த்துத் தைத்து, நாண் நகராமல் ஒரு சுவர் எழுப்பினார். சடலத்தின் காலில் முயன்று பார்த்துவிட்டுச் செய்தது. ஏழு இன்னிங்ஸ் தாங்கியது. அந்தக் காலோடு நின்றவரை நோக்கி யாங்கீஸ் பந்தை மெல்லத் தட்டி, அவரை ஓடவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அது பெரிய தவறு.

அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, இரண்டு அவுட், முதல் பேஸில் சியேரா. டோனி கிளார்க் அடித்த பந்து வலது மூலையில் தரையில் குத்தி, தாழ்ந்த சுவரைத் தாண்டி ரசிகர்களுக்குள் போய்விட்டது. விதிப்படி எல்லோருக்கும் இரண்டு பேஸ்தான். சியேரா மூன்றாம் பேஸில் நிற்க வேண்டியதாயிற்று. பந்து சுவருக்குள்ளேயே நின்றிருந்தால் அவர் ஹோமுக்கு வந்திருப்பார், தொடரும் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும்.

எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் ஏழு ஆட்டத் தொடர்களில் 0-3 என்று பின்தங்கிய அணிகள் அதற்கு முன் 25. ஒன்றுகூட ஏழாவது ஆட்டம்வரை போனதில்லை. இரு அணியும் சம பலம் என்று வைத்தால் தொடர்ந்து நான்கு வெல்லும் வாய்ப்பு 16இல் ஒன்று. அப்படியென்றால் 25 அணிகளில் ஒன்றிரண்டு வென்றிருக்க வேண்டும். ஒருவரும் வெல்லாமல் போகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். ஆனால் முதல் மூன்றைத் தோற்ற அணி பெரும்பாலும் பலம் குறைந்ததாகவே இருக்கும், அதன் பிட்சர்களும் களைத்திருப்பார்கள். பாஸ்டன் அப்படிப்பட்ட அணி இல்லை. 98 ஆட்டங்களை வென்ற அணி, யாங்கீஸ் 101. 2020இல் ஹூஸ்டன் அணி 0-3இலிருந்து ஏழாவது ஆட்டம்வரை வந்து டாம்பாவிடம் தோற்றது. பாஸ்டன் செய்ததை மேஜர் லீக்கில் இன்னொரு அணி இன்னும் செய்யவில்லை.

சாபம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அது பொறுப்பை மறைக்கிறது. ரூத்தை விற்றது உண்மை. 1920 ஜனவரியில் அறிவித்தார்கள், விலை 100,000 டாலர். ஆனால் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸீ அதோடு நிற்கவில்லை. 1923இல் யாங்கீஸ் முதன்முதலாக உலகத் தொடரை வென்றபோது, அதன் பிட்சர்களில் ஐந்து பேர், ஹாய்ட், பென்னாக், புஷ், ஜோன்ஸ், மேஸ், பாஸ்டனிலிருந்து போனவர்கள். ஒரு அணியின் பந்துவீச்சையே பக்கத்து ஊருக்குப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு விதியை நோவதில் பொருளில்லை.

அதைவிடப் பெரிய தவறு பிற்பாடு நடந்தது. 1945 ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஃபென்வே பார்க்கில் தேர்வுக்கு வந்தார். அணி அவரை எடுக்கவில்லை. 1947இல் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸில் ஆடினார். பாஸ்டன் தன் முதல் கறுப்பின வீரரான பம்ப்சி கிரீனைக் களமிறக்கியது 1959இல், எல்லா அணிகளுக்கும் கடைசியாக. பன்னிரண்டு ஆண்டுகள், நாட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒரு பகுதியைத் தோலின் நிறம் பார்த்து ஒதுக்கிய அணி அது. அதற்குச் சாபம் என்று பெயர் வைத்தது பெரும்பாலும் 1986 உலகத் தொடர்த் தோல்விக்குப் பிறகுதான். அந்த ஆண்டும் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனின் பில் பக்னர் என்ற ஒருவரின் காலிடையே போன பந்தின் மேல் பழியைப் போட்டார்கள். அந்தப் பந்துக்கு முன்பே ஆட்டம் சமன் ஆகிவிட்டது, ஏழாவது ஆட்டமும் மீதி இருந்தது, அதிலும் பாஸ்டன் 3-0 என்று முன்னிலை பெற்றுத் தோற்றது. பக்னர் அநியாயமாகச் சுமந்தார்.

2004 அணியைப் பாருங்கள். ஓர்டீஸ், பெட்ரோ மார்டினெஸ், மானி ராமிரெஸ் மூவரும் டொமினிகன் குடியரசில் பிறந்தவர்கள். ஓர்டீஸை மினசோட்டா வேண்டாம் என்று விடுவித்திருந்தது. ராபர்ட்ஸின் தந்தை ஆப்பிரிக்க அமெரிக்கர், தாய் ஜப்பானியர், பிறந்தது ஓகினாவா. ஜூலை 31 அன்று, ஊரே நேசித்த நோமர் கார்சியாபாராவை அனுப்பிய அதே நாளில் வாங்கப்பட்டவர். ஓர்டீஸை எடுத்ததும் ராபர்ட்ஸை வாங்கியதும் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீனின் முடிவுகள், 2004இல் அவருக்கு வயது முப்பது. ஒரு ஓட்டத்துக்காக ஒரு ஆளை வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டம் வந்தது.

இரண்டாம் இடம் பற்றி: 1968 வரை இரண்டாம் இடத்துக்கு எதுவும் கிடையாது, லீக்கின் முதல் அணி மட்டும் உலகத் தொடருக்குப் போகும். 1969இல் பிரிவுகள் வந்தன. 1978இல் பாஸ்டன் 99 வென்றும் யாங்கீஸோடு ஒரு கூடுதல் ஆட்டத்தில் தோற்று வீட்டுக்குப் போனது. பிரிவில் முதலிடம் பெறாத அணியையும் சேர்த்துக்கொள்ளும் வைல்ட் கார்டு நடைமுறைக்கு வந்தது 1995இல். 2004இன் 98 வெற்றி பழைய காலத்தில் ஒன்றுக்கும் உதவியிருக்காது. எனக்கு இதில் குறை தெரியவில்லை. நல்ல அணிகள் இரண்டு ஒரே பிரிவில் பிறப்பது அவற்றின் குற்றம் இல்லை. அதன்பின் உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை 4-0 என்று வென்றதும் அந்த அணிதான்.

மறுபடி பார்க்கும்போது மூன்றாவது ஆட்டத்தின் நாலாவது இன்னிங்ஸிலிருந்து தொடங்குங்கள். ஸ்கோரை விட்டுவிட்டு, யார் எத்தனை பந்து வீசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்ததும் தாளை வைத்துவிட்டு, ரிவேராவின் இடது காலை மட்டும் பாருங்கள். அது தரையை விட்டு எழும் நொடியில் ராபர்ட்ஸ் கிளம்பியிருப்பார்.