தனியாகக் கேளுங்கள், உதவியைத் தயாராக வைத்துக்கொண்டு கேளுங்கள்

கேள்வி: நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வரும் பெண்கள் சிலரின் காயங்கள் அப்படி ஏற்பட்டவையாகத் தோன்றுவதில்லை. உடன் வரும் கணவரே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறார். வருகிற பெண்கள் அனைவரிடமும் வன்முறை பற்றிக் கேட்க வேண்டுமா? எப்படிக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் சந்தேகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். விழுகிறவர் பெரும்பாலும் கையை ஊன்றுவதால் மணிக்கட்டிலும் முழங்காலிலும் அடிபடும். முகம், கழுத்து, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் காயமும், ஆறிவரும் பழைய காயங்களும், சிகிச்சைக்கு வருவதில் தாமதமும் சேர்ந்திருந்தால் கேட்டே ஆக வேண்டும். எல்லாரிடமும் கேட்பது குறித்து ஒருமித்த கருத்து இல்லை. உலக சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அறிகுறி தென்படும்போது கேட்கச் சொல்கிறது. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018இல், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் அனைவரிடமும் கேட்கப் பரிந்துரைத்தது. காயம், தற்கொலை முயற்சி, கர்ப்ப கால ரத்தப்போக்கு ஆகியவற்றோடு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்பதே சரி என்பது என் கருத்து.

கணவர், மாமியார், பேசத் தெரிந்த குழந்தை என எவர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. எக்ஸ்-ரே எடுக்கவோ சிறுநீர்ப் பரிசோதனைக்கோ அழைத்துச் செல்லும் நேரம் இயல்பான தனிமையைத் தரும். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் உறவினரைப் பயன்படுத்தாதீர்கள். சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, "இங்கே வருகிற பலரிடமும் இதைக் கேட்கிறோம். வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா? அவரைக் கண்டு பயப்படுகிறீர்களா? இன்று வீட்டுக்குத் திரும்பிப் போவது பாதுகாப்பாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். "ஏன் இன்னும் அவரோடு இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம், அது பழியை அந்தப் பெண்ணின் மீதே போட்டுவிடும்.

கழுத்தை நெரித்தாரா என்றும் தவறாமல் கேளுங்கள். தோலில் தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்முதல், விழுங்குவதில் சிரமம், கண்ணில் சிறு ரத்தப் புள்ளிகள், நினைவிழப்பு, தன்னையறியாமல் சிறுநீர் கழிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவரால் அந்தப் பெண் பின்னாளில் கொல்லப்படும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை.

வன்முறை பற்றிக் கேட்பதோடு நின்றுவிட்டால் பெரிய பயன் இல்லை என்பதைக் கனடாவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மருத்துவ சமூகப் பணியாளர், ஆலோசகர், தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி ஆகியவற்றில் யாரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்ற பட்டியல் இரவுப் பணியில் இருப்பவர் கையிலும் இருக்க வேண்டும். தொலைபேசி எண் எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்புவது போதாது; வீட்டில் அது கண்ணில் பட்டால் புதிய ஆபத்து. அந்தப் பெண் சம்மதித்தால், உங்கள் பிரிவின் தொலைபேசியிலிருந்தே அழைத்து, மறுமுனையில் இருப்பவரோடு பேசவையுங்கள். வீட்டுக்குப் போவது ஆபத்து எனத் தோன்றினால், அன்றிரவு உள்நோயாளியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் சொன்ன பிறகும் புகார் வேண்டாம், வீட்டுக்கே போகிறேன் என்றால்?

பதில்: வற்புறுத்தாதீர்கள். பிரிந்து செல்லும் காலத்தில்தான் ஆபத்து பெரும்பாலும் உச்சத்தை அடைகிறது. அதை நம்மைவிட அந்தப் பெண் நன்றாக அறிவார். அவசரத்தில் எங்கே போவது, எந்த ஆவணங்களை யாரிடம் கொடுத்து வைப்பது என்பதை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே மேற்கோள் குறிக்குள் பதிவு செய்து, உடல் வரைபடத்தில் காயங்களைக் குறியுங்கள். பின்னாளில் வழக்கு நடந்தால் அந்தப் பதிவு பெரிதும் உதவும். கணவர் கைக்குப் போகக்கூடிய வெளியேற்றச் சீட்டில் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது.