எல்லாரும் வேகமாகத்தான் போனார்கள், எனக்கு மட்டும் ஏன் செலான்?

கேள்வி: சார், நான் திருச்சியில் இருக்கிறேன். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு காரில் திரும்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு கிராமப் பிரிவுக்குப் பக்கத்தில் 98 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக, 23 நாள் கழித்து என் போனுக்கு இ-செலான் வந்திருக்கிறது. அந்த இடத்தில் வரம்பு 80 என்கிறார்கள். நாங்கள் எந்த போர்டையும் பார்க்கவில்லை. ஆம்னி பஸ்களெல்லாம் எங்களை ஓவர்டேக் பண்ணிக்கொண்டு பறந்தன, அவர்களை யாரும் கேட்கவில்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது, ஆனால் அப்போது ஓட்டியது என் மச்சினன். போன வருடமும் இதே மாதிரி ஒரு செலான் வந்து கட்டியிருக்கிறேன். 1,000 ரூபாய்தானே என்று கட்டிவிடலாமா, எதிர்க்கலாமா? லைசென்ஸுக்கு ஆபத்து உண்டா?

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் இன்று கட்டாதீர்கள். 1,000 ரூபாய் பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் கட்டிய பிறகு என்ன ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள், அதற்கப்புறம் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

முதலில் அந்த ஆம்னி பஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் ஆதங்கம் நியாயம். நெடுஞ்சாலையில் வேகத்தைப் பிடிப்பது ஒரே சீராக நடப்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு யாரும் இருக்க மாட்டார்கள், அப்புறம் ஒரு பாலத்துக்குக் கீழே நிழலில் இன்டர்செப்டர் வண்டி நிற்கும், ஸ்பீட் கன்னை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு ஒருவர் வரும் வண்டிகளைக் குறிபார்த்துக்கொண்டிருப்பார், அந்த ஒரு மணி நேரத்தில் சிக்கியவருக்குச் செலான், மற்றவருக்கு இல்லை. என் கைக்கு வந்த செலான்களில், வரம்பைவிட இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடியதற்காக வந்தது மிக அரிது. பத்துக்கு மேல் தாண்டியவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ஆனால் இதையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை. அவர் தப்பினார், அதனால் என்னையும் விடுங்கள் என்று சமத்துவ உரிமையைக் காட்டிக் கேட்க முடியாது என்று உச்சநீதிமன்றம் எத்தனையோ தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. தவறில் சமத்துவம் கிடையாது. எதிர்ப்பு மனுவில் ஆம்னி பஸ்ஸைப் பற்றி ஒரு வரி கூட எழுதாதீர்கள், அது நீங்கள் வேகமாகப் போனதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, உங்கள் கேஸில் எது முக்கியம்? அந்த 80 என்கிற எண். நான்கு வழிச்சாலையில் காருக்கு உச்சவரம்பு 100. விரைவுச்சாலைக்கு 120 வரை உயர்த்தி 2018 ஏப்ரலில் மத்திய அரசு போட்ட அறிவிக்கையை 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை, ஆனால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான்கு வழிச்சாலையில் உங்கள் காருக்கு 100தான் வரும். அப்படியானால் 98 என்பது பொது வரம்புக்குள் இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட இடத்தில் 80 என்று குறைத்திருந்தால் மட்டுமே இது குற்றம். குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அதைத்தான் சொல்கிறது. கூடவே இரண்டு நிபந்தனையும் வைக்கிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும், சாலையில் அதற்கான போர்டு வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த 80 எந்தத் தேதி அறிவிக்கையில் வந்தது, போர்டு எங்கே இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம்.

இரண்டாவது, கருவி. ஸ்பீட் கன், கேமரா வழியாகப் போடும் செலானுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று தனி விதியே கொண்டுவந்தார்கள். கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கிறது என்கிற எச்சரிக்கைப் பலகை முன்னாலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். செலானோடு நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் வர வேண்டும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும் (பழைய சாட்சியச் சட்டப் பிரிவை வைத்து நாங்கள் 65பி என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் 63(4)). நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். உங்களுக்கு 23 நாள் ஆகியிருக்கிறது. இதை எழுதுங்கள், ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே செலான் ரத்தாகிவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன், சில நீதிபதிகள் இதை நடைமுறைக் குறை என்று ஒதுக்கக்கூடும். இன்னொன்று, ரேடார் வகைக் கருவிகளை எடையளவுச் சட்ட விதிகளின்படி சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது, அந்தச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

செலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமலேயே என்னிடம் வருகிறார்கள். குறி உங்கள் வண்டி மேல்தான் இருக்கிறதா, பக்கத்து லேனில் இன்னொரு வண்டி ஒட்டி வருகிறதா, நம்பரில் 3 என்பது 8 ஆகப் படிக்கப்பட்டிருக்கிறதா? ஒரு முறை ஒரு செலானில் நம்பர் சரி, வண்டி வேறு. அவருடையது வெள்ளை கார், படத்தில் இருந்தது சிவப்பு. அந்தப் படத்தை ஆர்.சி.யோடு சேர்த்துப் புகாராகப் போட்டதும் நீக்கிவிட்டார்கள். உங்கள் வண்டியில் டேஷ்கேம் இருந்தால் அந்த நாள் பதிவை உடனே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள், கார்டு நிறைந்தால் அதுவே அழித்துவிடும். ஒருவேளை ஸ்பீட் கன்னே இல்லாமல் போலீஸ்காரர் கண்ணால் பார்த்து மதிப்பிட்டது என்றால், ஒரே சாட்சியின் அந்த அபிப்பிராயத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, 183-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது.

இப்போது லைசென்ஸ். நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான். கார் போன்ற இலகுரக வண்டிக்கு வேக மீறலுக்கு 1,000 முதல் 2,000 வரை அபராதம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸையே எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். பழைய காலத்தில் ஸ்பாட் பைன் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. 2019-ல் திருத்தினார்கள். இணக்கக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினாலும் அது முந்தைய குற்றமாகவே கணக்கில் எடுக்கப்படும், கட்டியதாலேயே லைசென்ஸ் நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது என்று 200-ஆவது பிரிவில் சேர்த்துவிட்டார்கள். கோவை எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, வேக மீறலுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015-லேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. ஆனால் நடக்கலாம். போன வருடத்துச் செலான் உங்கள் கணக்கில் ஏற்கெனவே ஒன்று, இதையும் பேசாமல் கட்டினால் இரண்டு.

ஆனால் ஓட்டியது நீங்கள் இல்லையே. இந்தக் குற்றம் ஓட்டியவருடையது, ஆர்.சி.யில் பேர் இருப்பதால் மட்டும் உங்களுடையது ஆகாது. 133-ஆவது பிரிவின்படி ஓட்டியவர் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் கொடுக்க வேண்டும், அது உங்கள் கடமையும்கூட. மச்சினனிடம் முதலில் பேசுங்கள், மாப்பிள்ளை என்னை மாட்டிவிட்டார் என்று வீட்டில் சண்டை வர வேண்டாம். அவருக்கு இது முதல் தடவை என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உண்மையில் நீங்கள்தான் ஓட்டியிருந்தால், லைசென்ஸைக் காப்பாற்ற அவர் பெயரைக் கொடுக்காதீர்கள். பொய்த் தகவல் 179-ஆவது பிரிவில் தனிக் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும், முன்பக்கக் கண்ணாடியில் உங்கள் முகம் படத்தில் தெரிந்தால் அதற்கப்புறம் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பரிவாகன் இ-செலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டு, செலான் உண்மையா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கையோ ஆப்பையோ தொடாதீர்கள், அதில் பணம் இழந்தவர்கள் நிறைய. அதே தளத்தில் புகார் பகுதியில் ஓட்டியவர் விவரம், 80-க்கான அறிவிக்கை எங்கே என்ற கேள்வி, 15 நாள் தாண்டியது, கருவியின் சான்றிதழ்கள், இவற்றை ஒரே பக்கத்தில் எழுதிப் போடுங்கள். அது நிராகரிக்கப்பட்டு ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், கட்டுகிறேன் என்பதற்குப் பதில் எதிர்க்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள், வழக்கு அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டிடம் போகும். திருச்சியிலிருந்து அங்கே இரண்டு மூன்று நடை அலைய வேண்டியிருக்கும், சம்பளம் போகும், வக்கீல் செலவு அபராதத்தைவிடக் கூடுதலாகும். விசாரித்த பிறகு அறிவிக்கை இருக்கிறது, போர்டும் இருக்கிறது என்று தெரிந்தால் மச்சினன் கணக்கில் கட்டிவிடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

அந்தப் பக்கம் அடுத்த முறை போகும்போது அந்தக் கிராமப் பிரிவில் ஓரமாக நிறுத்தி, பிரிவுக்கு முன்னால் வரும் போர்டை இரண்டு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். நடுத்திட்டில் அரளி வளர்ந்து மறைத்திருக்கிறதா, டீக்கடைக்கு நிற்கும் லாரிகள் மறைக்கின்றனவா என்று பாருங்கள். 98-ல் வரும் கார் ஒரு நொடியில் 27 மீட்டர் போகிறது. விபத்து வழக்குகளில் எனக்கு வருகிறவர்களில் பலர் இப்படிப்பட்ட பிரிவுகளில் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர்களின் குடும்பத்தார். போர்டு உண்மையிலேயே மறைந்திருந்தால் அந்தப் போட்டோ உங்கள் மனுவுக்கு உதவும், அதோடு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள், இடத்தைச் சரியாகச் சொல்ல ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.